ஊர் போய்ச் சேராத சைக்கிள்

 

ஆழ்வார்திருநகரித் தெருக்களில் எப்போதாவது சாணை பிடிப்பவர் ஒருவர் வருவார். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி அமர்ந்து மிதிப்பார். வண்டி ஓரங்குலமும் நகராது. முன்னால் பூட்டிய சாணைக்கல் மட்டும் சுழலும். கத்தியைக் கல்லில் வைக்காத வரையில் அவர் கால்கள் இலேசாக ஓடும். வைத்து அழுத்தியதும் தொடை இறுகும். நெற்றியில் வியர்வை துளிர்க்கும். வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு முதலில் அவரைத்தான் காட்டுவேன். ஸ்டாண்டில் நிற்கும் வெறும் வண்டியை மிதிப்பது சிறுவர் விளையாட்டு. சக்கரத்தைத் தடுக்கும் சுமை ஒன்று இருந்தால்தான் அது பயிற்சியாகும்.

இந்தப் பயிற்சிக்கு இப்போது என்ன அவசியம் என்று கேட்கலாம். நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் தெருவில் நீரிழிவுள்ள ஒரு தாயாரிடம் மருத்துவர் இதையே, "தினமும் நடங்கள்" என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பினார். எங்கே நடப்பது? திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் ஒதுங்கவே நேரம் போதாது. அதிகாலையில் அடுப்படி; மாலையில் பேரப்பிள்ளைகள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு வீட்டைத் துப்புரவு செய்து முடிப்பதற்குள் நடக்கும் பழக்கமே விட்டுப்போயிற்று.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன், பணம் அனுப்பி ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கித் தந்தார். ஆறு மாதம் கழித்து என் மனைவி பார்க்கப் போனபோது அதில் ஈரத்துண்டுகள் உலர்ந்துகொண்டிருந்தன. "மிதிக்கத்தான் ஆசை. யாரு விடுறா?" என்றாராம் அந்தத் தாயார்.

கருவிக்கு வருவோம். இவற்றில் இரு இனங்கள் உண்டு. ஒன்று, நாம் ஓட்டும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டி, டயரை உருளையோடு அழுத்துவது. ட்ரெய்னர் என்று விற்கிறார்கள். உருளைக்குச் சுமை தருவது காற்றாடியாகவோ, காந்தமாகவோ, எண்ணெய் போன்ற திரவமாகவோ இருக்கும். காற்றாடி இரைச்சல் மிகுந்தது, காந்தம் அமைதியானது, திரவம் வேகத்திற்கேற்பச் சுமையைத் தானே கூட்டும். மூன்று உருளைகளின்மேல் சைக்கிளைச் சும்மா நிறுத்தி ஓட்டும் வகையும் உண்டு. அது பந்தய வீரர்களுக்கானது. நாம் விழுந்து எழுவோம்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் சும்மா கிடக்கிறதே, அதை மாட்டலாமா என்று கேட்பவர்கள் பலர். அவசரப்பட வேண்டாம். நம் ஊர் வண்டிகளின் பின் அச்சில் நட்டு, ஸ்டாண்டு, கேரியர் கம்பி எல்லாம் சேர்ந்து பூட்டியிருக்கும். தாங்கியின் பிடி அதில் சரியாக உட்காராது. சக்கரத்தின் அளவும் ஒத்துவர வேண்டும். அளவு பார்க்காமல் தாங்கியை வாங்கி வந்தால் பணம் நஷ்டம். ஏற்கெனவே நல்ல கியர் சைக்கிள் வைத்து ஓட்டும் இளைஞருக்கே அது பொருந்தும்.

மற்றோர் இனம், சக்கரம் முழுவதும் உறைக்குள் மூடிய உடற்பயிற்சி சைக்கிள். தவழும் பிள்ளை உள்ள வீட்டிற்கு இதுவே ஏற்றது என்பது என் துணிபு. திறந்த செயினிலும் கம்பியிலும் சின்ன விரல்கள் சிக்குவதற்கு ஒரு நொடி போதும். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் அப்படியே. மூடிய வண்டியானாலும் அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ளவர்கள் சாய்வு நாற்காலி போன்ற அமைப்புடையதைப் பாருங்கள். புதிதுதான் வேண்டுமென்பதில்லை. பலர் வீட்டில் துண்டு உலர்த்தும் வண்டிகள் பாதி விலைக்கு வரும். ஏறி மிதித்து, ஆடுகிறதா, கடகடக்கிறதா, சுமைத் திருகு வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இருக்கையின் உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். குதிகாலை மிதியில் வைத்து அடிவரை தள்ளினால் கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். இருக்கை தாழ்ந்தால் முட்டி வலிக்கும். வெளியே ஓட்டும்போது வீசும் காற்று அறைக்குள் கிடையாது. மின்விசிறிக்கு நேராக வண்டியைப் போடுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; அந்த அளவே மிதமான உழைப்பு.

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் உண்டு. ஏளனம் செய்தவர்கள் செய்துகொண்டேயிருக்க, அவர்கள் ஓட்டினார்கள். வீதியில் ஓட்ட வாய்ப்புள்ள சகோதரி வீதியில் ஓட்டுவதே சிறப்பு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை மேடைகளில் சுவையாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே தேநீர் கேட்கிறோம். இயந்திரத்தின் விலை ஒருமுறை கொடுத்தால் தீரும். நாள்தோறும் கொடுக்க வேண்டியது அவளுடைய அரைமணி நேரம். அதை மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்ப இயலாது. வீட்டிலிருக்கும் ஆண்கள்தாம் தர வேண்டும்.

அந்தத் தாயாரின் கணவருக்கு இது எப்படியோ எட்டியது. இப்போது அஸர் தொழுகைக்குப் பின் பேரப்பிள்ளைகளை ஆற்றங்கரைப் பக்கம் அழைத்துப் போகிறார்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை வந்தால் நிறுத்திவிட்டு உடனே சர்க்கரையோ பழச்சாறோ உட்கொள்ள வேண்டும். அதைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கண் விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் கடுஞ்சுமையைத் தவிர்க்க வேண்டும். பாதம் மரத்தவர்களுக்கு நடையைவிட இது நல்லது. ஆனால் காலணியோடு மிதித்து, இறங்கியபின் பாதத்தில் கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

ரமலானில் நீரிழிவுள்ள நோன்பாளிகள் மாலை வேளையில், நோன்பு திறக்கும் முன், மிதிக்கவே வேண்டாம். சர்க்கரை தாழும் அபாயம் அப்போது மிகுதி. இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தராவீஹ் முழுவதும் நின்று தொழுபவர்கள் அதையும் அன்றைய உழைப்பில் சேர்த்துக் கணக்கிட்டு, சைக்கிளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.