பாட்டின் சொல்லைக் காப்பவர் யார்?

இயல், இசை, நாடகம் என முத்தமிழைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆயினும் இயலுக்கு நாம் தரும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இசைத்தமிழின் இன்றைய தொழில்முறைக்குத் தருவதில்லை. கவிஞரைப் பாராட்டுகிறோம், பாடகரைப் போற்றுகிறோம், இசையமைப்பாளர்க்கு விழா எடுக்கிறோம். இவர்கள் அனைவரின் உழைப்பையும் ஒன்றுசேர்த்து, செவிக்கினிய பாடலாக்கித் தரும் மற்றொருவர் இருக்கிறார். அவர் பெயரை அறிந்தோர் அரியர். அவரே ஒலிக்கலவைப் பொறியாளர். தொழில் வழக்கில் ‘மிக்ஸிங் என்ஜினியர்’ என்பர்.

அவரைப் பற்றிப் பேச வேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது. திரைப்படத்தைச் சாராத தனியிசை தமிழகத்தில் வேரூன்றி வருகிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து 2017இல் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் அம்மேடையில் கைகோத்தன. அந்த அலை சென்னையோடு நின்றுவிடக்கூடியதன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள நம் வேங்கிக்காலிலும் ஒரு கிட்டார், ஓர் ஒலிவாங்கி, ஒரு மடிக்கணினி ஆகிய மூன்றும் இருந்தால், வீட்டு அறையிலேயே ஒரு பாடலைப் பதிவு செய்துவிடலாம்.

பதிவு முடிந்ததும் ஒரு வினா எழுகிறது. கலவையை யார் செய்வது? நாமேவா? நண்பரா? கணினியா? தனித்தொழில் புரியும் பொறியாளரா? தக்க பொறியாளரை அமர்த்துவதே முறை என்பது என் கருத்து. ஆனால் அவர் தமிழ்ச்சொல்லின் ஒலியறிந்தவராக இருத்தல் வேண்டும்; பணியின் எல்லை எழுத்தில் இருத்தல் வேண்டும்; கூலியும் பெயரும் குறைவின்றி அவரைச் சேர்தல் வேண்டும்.

இசை குறித்து மாறுபட்ட நோக்குடைய பெரியோர் நம் சமுதாயத்தில் உண்டு. அவர்தம் கருத்தை மதிக்கிறேன். ஈண்டு நான் பேச முற்படுவது மொழியின் தெளிவும் உழைப்பின் மதிப்பும் பற்றியே. இவ்விரண்டிலும் நமக்குள் வேறுபாடு இராது என நம்புகிறேன்.

கலவை என்பது யாது?

இக்காலத்தில் ஒரு பாடலின் கருவிகளும் குரலும் தனித்தனி ஒலித்தடங்களாகப் பதிவாகின்றன. ஒரு ராக் பாடலில் டிரம்ஸுக்கு மட்டுமே எட்டு, பத்துத் தடங்கள் இருக்கலாம். பேஸ் கிட்டார், இரண்டு மூன்று கிட்டார்கள், முதன்மைக் குரல், துணைக் குரல்கள் எனக் கூட்டினால் முப்பது, நாற்பது தடங்கள் ஆகிவிடும். அவை அனைத்தையும் அப்படியே ஒலிக்கவிட்டால் சந்தை இரைச்சலே மிஞ்சும். எது முன்னே நிற்பது, எது பின்னே ஒதுங்குவது, எது இடச்செவிக்கு, எது வலச்செவிக்கு, எந்த ஒலியின் எந்தப் பகுதியைக் குறைத்தால் மற்றொன்று துலங்கும் என ஒவ்வொன்றாக முடிவு செய்து, இரண்டு தடங்களாக வடித்துத் தருவதே கலவை. அதன்பின் வெளியீட்டுக்கு உரியவாறு ஒலியளவைச் சீர்செய்யும் இறுதிப்பணிக்கு மாஸ்டரிங் என்று பெயர். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

கருவி புதியது, கலையின் நோக்கம் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் வரிசையாக வகுக்கிறார். அவருள் தண்ணுமையாசிரியனுக்குச் சொல்லப்பட்ட தகுதியை நம் மாணவர் ஊன்றி நோக்க வேண்டும். யாழும் குழலும் மிடற்றுப் பாடலும் தம்முள் இசைந்து வருவதை அவன் கேட்க வேண்டும். வேண்டிய இடத்தில் ஒலியை ஆக்க வேண்டும். வேண்டாத இடத்தில் அடக்க வேண்டும். தன் கருவி பிறவற்றின்மீது மிகாதவாறு காக்க வேண்டும். முதலில் கேட்டல்; பின்னரே கூட்டலும் குறைத்தலும். இன்றைய கலவைப் பொறியாளரின் பணிக்கு இதனினும் செறிவான விளக்கம் கிடைப்பது அரிது.

அயலாரின் செவி எதற்கு?

‘எங்கள் பாட்டை எங்களைவிட யார் அறிவார்?’ என்று இளைஞர் கேட்கலாம். நூறு முறை பாடிய வரி, தெளிவாக ஒலிக்காவிட்டாலும் பாடியவர் செவிக்குத் தெளிவாகவே கேட்கும். எழுதியவர் கண்ணுக்கு அச்சுப்பிழை தப்பிவிடுவது போன்றதே இது. கிட்டார் வாசித்தவருக்குக் கிட்டார் குறைவாகத் தோன்றும். டிரம்ஸ் வாசித்தவருக்கு டிரம்ஸ் குறைவாகத் தோன்றும். ஆளுக்கொன்றாய் உயர்த்திக்கொண்டே போனால், முடிவில் அமிழ்ந்து போவது குரலே.

ஆல்டர்நேட்டிவ் ராக் இசையின் வரலாற்றில் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவின் நிர்வாணா குழு 1991இல் வெளியிட்ட ‘நெவர்மைண்ட்’ தொகுப்பைத் தயாரித்தவர் புட்ச் விக். குழுவினரும் அவரும் முதலில் செய்துபார்த்த கலவை நிறைவு தரவில்லை. ஆகவே ஆண்டி வாலஸ் என்னும் பொறியாளரை வெளியிலிருந்து வரவழைத்தனர். அவர், அதற்குமுன் ஸ்லேயர் குழுவின் பாடல்களில் பணியாற்றியவர். அவர் செய்த கலவை அத்தொகுப்பை உலகெங்கும் கொண்டு சேர்த்தது. ஆயினும் அது அளவுக்கு மீறி மெருகேறிவிட்டதெனப் பாடகர் கர்ட் கோபேன் பின்னாளில் குறைப்பட்டார். எனவே அடுத்த தொகுப்பான ‘இன் யூட்டரோ’வை 1993இல் ஸ்டீவ் ஆல்பினியிடம் ஒப்படைத்தனர். அவர் கரடுமுரடான இயல்பொலியைப் போற்றுபவர். இம்முறை குரலும் பேஸும் போதிய அளவு கேட்கவில்லை என்னும் குறை எழுந்தது. தொகுப்பின் இரண்டு பாடல்களை ஸ்காட் லிட் என்பவர் மீண்டும் கலவை செய்தார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? இருவரும் வல்லுநரே, இருவர் செவியும் வேறு. பொறியாளரை அமர்த்துவோர், தமக்கு வேண்டிய ஒலி எது என்பதை முதலில் தாம் அறிந்திருத்தல் வேண்டும். வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துவதும் இதுவே. செயல் இன்னது, செய்பவன் இன்னான், கருவி இன்னது என மூன்றையும் ஆராய்ந்த பின்னர், அச்செயலை அவன் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

தமிழுக்குரிய தனித்தேவை

ஆங்கில ராக் பாடல்களில் குரலைக் கருவிகளுக்கிடையே சற்று அமிழ்த்தி வைப்பது ஒரு பாணி. அதனை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தால் கேடு விளையும். காரணம் நம் எழுத்திலக்கணத்திலேயே இருக்கிறது.

‘படம்’, ‘பட்டம்’ என்னும் இரு சொற்களை ஒலித்துப் பாருங்கள். இரண்டாவதில் டகர ஒற்று நிற்கும் இடம் உண்மையில் ஒரு சிறு மௌனம். நாக்கு அண்ணத்தைத் தொட்டு, காற்றை நிறுத்தி, பின் விடுகிறது. அந்த மௌனத்தின் நீளமே இரு சொற்களையும் பிரிக்கும் முதன்மையான வேறுபாடு. குரலுக்கு அளவுக்கு மீறி ரிவெர்ப் என்னும் முழக்கத்தைச் சேர்த்தால் அந்த இடைவெளி நிரம்பிவிடும், ஒற்று மறைந்துவிடும். ‘படு’, ‘பாடு’ போன்ற குறில் நெடில் வேறுபாடும் அவ்வாறே மழுங்கும். ஆங்கிலச் சொற்களுக்குள் இத்தகைய ஒற்றிரட்டல் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே ஆங்கிலப் பாடல்களில் பழகிய செவி இதனைத் தேடுவதில்லை. தமிழ்ச்செவி தேடியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் ஏறத்தாழ 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுப் பகுதியைச் சார்ந்துள்ளது. ராக் இசையில் உறுமும் மின்கிட்டாரின் கூர்மையும் அதே பகுதியில்தான் குடியிருக்கிறது. ஒரே திண்ணையில் இருவர் அமர வேண்டிய நிலை. திறமையான பொறியாளர், குரல் வரும் வேளையில் கிட்டாரின் அப்பகுதியைச் சற்றே தாழ்த்தி இடம் ஒதுக்குவார். இல்லையேல் லகர, ளகர, ழகர வேறுபாடுகள் தேய்ந்து, வலியும் வளியும் வழியும் ஒன்றாகிவிடும்.

நம் மாவட்டத்தின் தெருக்கூத்துக் கலைஞர் இதனை நன்கறிவர். முகவீணையும் மத்தளமும் தாளமும் முழங்கும் களத்தில், உச்சத் தொனியில் வாய்விட்டுப் பாடிக் கடைசி வரிசைக்கும் சொல்லைச் சேர்த்த மரபு அது. அந்த மரபின் மண்ணில் பிறந்த இளைஞரின் பாட்டில் சொல் கேட்கவில்லையென்றால் அது நமக்குப் பெருமை ஆகாது.

ஆகவே, பொறியாளர் தமிழறிந்தவராக இருப்பது நன்று. மும்பையிலோ வெளிநாட்டிலோ உள்ளவரை அமர்த்த நேர்ந்தால், பாடல் வரிகளை எழுதி அனுப்புதல் வேண்டும். எந்தச் சொல்லில் பொருள் தங்கியிருக்கிறது என்று குறித்துக் காட்டுதல் வேண்டும். பாடலை முன்பின் கேட்டறியாத தமிழர் ஒருவரிடம் கலவையைக் கேட்கச் செய்து, காதில் விழுந்த சொற்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே திருத்தம் தேவை.

எழுத்தில் இருக்கட்டும்

இனி அமர்த்தும் முறைக்கு வருவோம். பொறியாளர் முன்னர்ச் செய்த பாடல்களில், நம் பாணிக்கு நெருங்கிய மூன்று நான்கையேனும் கேட்க வேண்டும். அவரிடமுள்ள கருவிகளின் பட்டியலைவிட அவர் செய்த பாடல்களே சான்று. நமக்கு முன்மாதிரியாகத் தோன்றும் இரண்டு பாடல்களை அவருக்குக் கொடுத்தால், வேண்டிய ஒலியைச் சொற்களால் விளக்கும் தொல்லை குறையும். தடங்கள் அனைத்தும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, பெயரிடப்பட்டு, எம்பி3 ஆகச் சுருக்கப்படாமல் வேவ் கோப்புகளாகச் செல்லுதல் வேண்டும். ‘ஆடியோ 17’ என்ற பெயரைக் கண்டு அது பறையா, பம்பையா என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தொகை, முன்பணம் எவ்வளவு, எந்நாளில் முடியும், எத்தனை முறை திருத்தம், குரல் நீக்கிய வடிவமும் தரப்படுமா, மாஸ்டரிங் இதில் அடங்குமா, பெயர் எங்கே இடம்பெறும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுதல் நலம். திருத்தங்களைக் குழுவின் ஐவரும் ஐந்து விதமாகச் சொல்லாமல், ஒருவர் தொகுத்து ஒரே முறையில் தெரிவிக்க வேண்டும். நண்பர்க்குள் எழுத்து எதற்கு என்பர் சிலர். நட்பைக் காக்கவே எழுத்து வேண்டும்.

2021 மார்ச்சில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை அறியாதார் இலர். தமிழ்த் தனியிசையை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்த பாடல் அது. அதன் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அடுத்த ஆண்டே பொதுவெளியில் எழுந்தது. அப்பாடலால் தமக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் அறிவித்தார். அவ்வழக்கின் உள்விவரங்களில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. புகழ் வந்தபின் பேசத் தொடங்கும் கணக்கு கசப்பில் முடியும் என்பதை மட்டும் மனத்திற் கொள்வோம்.

கூலியும் பெயரும்

ஆல்பினி என்னும் பொறியாளரை மேலே குறிப்பிட்டேன். 2024இல் மறைந்த அவர், நிர்வாணா குழுவினர்க்கு எழுதிய கடிதத்தில், விற்பனையில் பங்கு தமக்கு வேண்டாம் என்றும், குழாய் வேலை செய்பவர்க்குத் தருவதுபோல் செய்த வேலைக்குரிய தொகையைத் தந்தால் போதும் என்றும் தெரிவித்தார். கலைஞன் ஒருவன் தன்னைக் கைத்தொழிலாளியோடு ஒப்பிட்டுக்கொண்டதில் எத்துணை மேன்மை! பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் உழைப்பு உழைப்பே. உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர் நாம். வெளியூரில், முகமறியா அறையில், இரவெல்லாம் கண்விழித்துக் கலவை செய்பவரின் வியர்வை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததனால் கடன் குறைந்துவிடுமா? ‘விளம்பரம் கிடைக்குமே, இலவசமாகச் செய்து கொடுங்கள்’ என்று கேட்பது, தச்சரிடம் நாற்காலியை இலவசமாகக் கேட்பது போன்றதே.

பெயரும் கூலியின் ஒரு பகுதி. ஏ. ஆர். ரஹ்மானுடன் நெடுங்காலம் பணியாற்றிய எச். ஸ்ரீதர் ‘மகாநதி’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகிய படங்களின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பரில் அவர் மறைந்தார். ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் கருவியிசைஞர், பொறியாளர் பெயர்கள் அச்சானமையால், பாமரரும் அவரைப் பெயர் சொல்லி அறியும் வாய்ப்பு உண்டாயிற்று. இன்று உறையும் இல்லை, ஒலிநாடாவும் இல்லை. பாடல் கைபேசியில் வருகிறது. யூடியூப் குறிப்பில் ஒரு வரி எழுதச் செலவேதும் இல்லை. அந்த ஒரு வரி அவருக்கு அடுத்த வேலையைத் தேடித் தரும்.

கணினி போதாதா?

பொத்தானை அழுத்தினால் தானே கலவை செய்துதரும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே என்பர். முயன்று பார்ப்பதில் தவறில்லை. பணமே இல்லாத மாணவர்க்கு அது ஒரு தொடக்கம். ஆனால் ஒரு பாட்டில் தாய் என்ற சொல் வரும் இடத்தில் மற்றவை எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று உணர்வது பொருளறிந்த செவியின் வேலை. பத்துப் பாடல்களை அரைகுறையாக வெளியிடுவதைவிட, சேர்த்த பணத்தில் ஒரு பாடலைத் தக்கவரிடம் கொடுத்து நிறைவாக வெளியிடுவது மேல்.

இறுதியாக, நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். நன்னூலின் எழுத்தியலையும் தொல்காப்பியத்தின் பிறப்பியலையும் தேர்வுக்காகப் படித்து முடிப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஒரு நாள் வகுப்பில் ஒரு தமிழ் ராக் பாடலை ஒலிக்கவிட்டு, காதில் விழும் சொற்களை மாணவரை எழுதச் சொல்லலாம். எந்த ஒற்று எங்கே தொலைந்தது, ஏன் தொலைந்தது என்று ஆராயலாம். அவ்வாறு பழகிய மாணவர் ஒருவர் பொறியாளரின் அருகில் அமர்ந்து, ‘ஐயா, இந்த ழகரம் கேட்கவில்லை’ என்று சொல்ல வல்லவராவார். பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துவோர்க்கு எப்போதும் இடம் உண்டு. பாட்டுக்கும் அத்தகைய மெய்ப்புநர் தேவை. அப்பணிக்குத் தமிழ் படித்தவர்களே உரியவர்கள்.