ராணி எதனால் செத்தாள்?

நாஞ்சில் நாட்டு ஆச்சிமார் சொல்லும் ராஜகுமாரி கதைகளைக் கேட்டிருப்பீர்கள். ராணி இறந்துபோவாள். ராஜாவை மணக்கத் துடிக்கும் ஒருத்தி, ராஜகுமாரியை ஒழிக்கச் சூழ்ச்சி செய்வாள். வரப்போகும் சித்தியைத் திட்டித் தீர்க்கிறோம். ராணி எதனால் செத்தாள் என்று கேட்கிறோமா?

அக்காலத்தில் பிரசவத்தில் மாண்ட தாய்மார் ஏராளம். அதனால்தான் ஊர்தோறும் சித்திமார். கதைதோறும் சித்திமார் என்பது என் எண்ணம். நமது நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப்பணி தொடங்கியது. ஆனால் அன்று மேனாட்டு வைத்தியர்களுக்கே கிருமிகளைப் பற்றித் தெரியாது. வியன்னா நகர ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்துப் படித்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள்! 1847 ஏப்ரலில் அந்தப் பகுதியில் 100 தாய்மாருக்கு 18 பேர் இறந்தனர். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார் டாக்டர் செம்மல்வைஸ். ஜூலையில் அது 2-க்கும் கீழே இறங்கியது. (மருத்துவச்சிகள் பார்த்த பகுதியில் முன்பே சாவு குறைவுதான்.)

இன்னொன்று. 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட 'வெண்பனி' கதையில் பொல்லாதவள் பெற்ற தாயே. 1819 பதிப்பில்தான் சித்தியாக மாற்றினார்கள்!

அடுத்த முறை ஆச்சியிடம் ராணியைப் பற்றிக் கேளுங்கள். கதையை நிறுத்திவிட்டு, பேறுகாலத்தில் போன தம் உறவுக்காரி ஒருத்தியின் பெயரை அவர் சொல்லக்கூடும்.