அரசின் செலவு, ஊழியரின் கடன்

2025 பிப்ரவரியில், அமெரிக்க அரசின் சிக்கன நடவடிக்கைகளை நடத்திவந்த ‘டோஜ்’ அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. கூட்டாட்சி அரசிடம் சுமார் 46 லட்சம் கடன் அட்டைகளும் கணக்குகளும் இருக்கின்றன. 2024ஆம் நிதியாண்டில் ஏறத்தாழ 9 கோடி பரிவர்த்தனைகளில் 4,000 கோடி டாலர் அவற்றின் வழியே செலவாகியிருக்கிறது என்றது அது. இருக்கும் ஊழியர்களைவிட அட்டைகள் அதிகமா என்று மக்கள் திகைத்தார்கள். அந்தத் திகைப்பு அடங்கும் முன்பே, பிப்ரவரி 26 அன்று அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட ஆணை, ஊழியர்களிடம் இருந்த அட்டைகளை 30 நாட்களுக்கு முடக்கியது. பேரிடர் உதவிக்கும், துறைத் தலைவர்கள் அத்தியாவசியம் என்று கருதிய பணிகளுக்கும் மட்டும் விலக்கு. பல துறைகளில் அட்டையின் செலவு வரம்பு 1 டாலராகக் குறைக்கப்பட்டது. ஆய்வகத்துக்குத் தேவையான பொருள்களை வாங்க முடியவில்லை, களப்பணிக்குப் போக முடியவில்லை என்ற செய்திகள் அடுத்த வாரங்களில் அமெரிக்க நாளேடுகளில் தொடர்ந்து வந்தன.

அட்டைகளை ஆராய்ந்ததில் தவறில்லை. மக்கள் வரிப்பணம் செலவாகும் எந்த வழியையும் அரசு அடிக்கடி திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 46 லட்சத்தையும் ஒரே குவியலாகப் பார்த்ததும், எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போட்டதும் தவறு. எந்தச் செலவுக்கு எந்த வகை அட்டை, அந்த அட்டையில் ஏறும் கடன் யாருடையது என்ற கேள்விகளை அந்த ஆணை தொடவே இல்லை. சீர்திருத்தம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்க அரசின் அட்டைகள் ‘ஸ்மார்ட்பே’ என்ற ஒரே திட்டத்தின் கீழ் வருகின்றன. 1998இல் முதல் ஒப்பந்தம் போடப்பட்டது. அரசின் பொதுச் சேவை நிர்வாகம் இதை நடத்துகிறது. 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மூன்றாவது ஒப்பந்தத்தில் சிட்டி வங்கியும் யு.எஸ். வங்கியும் அட்டை வழங்குகின்றன. கொள்முதல் அட்டை, பயண அட்டை, வாகன அட்டை, இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்த ஒருங்கிணைந்த அட்டை என்று வகைகள் நான்கு. சிவில் ஊழியர்களோடு ராணுவத்தினரும் இதே திட்டத்தில் இருக்கிறார்கள். இணையத்தில் ஒரு முறை மட்டும் பயன்படுத்தக்கூடிய எண்களும், ஒரு துறையின் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குகளும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டி, ஊழியர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

வாகன அட்டையைப் பாருங்கள். அது ஓட்டுநருக்குக் கொடுக்கப்படுவதில்லை, வண்டிக்குக் கொடுக்கப்படுகிறது. பெட்ரோல் நிரப்பும்போது ரகசிய எண்ணையும், வண்டி ஓடிய தூரத்தையும் பதிய வேண்டும். வண்டியின் கொள்ளளவுக்கு மேல் எரிபொருள் ஏறியிருந்தால் கணக்கைப் பார்ப்பவருக்கு உடனே தெரியும். பில் துறைக்கே போகிறது. ஓட்டுநர் தன் பணத்தில் பெட்ரோல் போட்டுவிட்டு, பிறகு அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று எவரும் சொல்வதில்லை. செலவின் இயல்புக்கு ஏற்ப அட்டையை வடிவமைத்தால் கண்காணிப்பு தானாக நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அந்தத் திட்டத்தில் இல்லை.

கொள்முதல் அட்டையின் வரலாறு அவ்வளவு நல்லதாக இல்லை. சிறு கொள்முதலுக்காக வந்த அட்டை இது. ஒப்பந்தப்புள்ளியும் விலைப்புள்ளி ஒப்பீடும் இல்லாமல் வாங்கக்கூடிய வரம்பு நெடுங்காலம் சில ஆயிரம் டாலராக இருந்தது. பிறகு 10,000 ஆகி, 2025 அக்டோபர் முதல் 15,000 டாலராக உயர்ந்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, 2005 ஜூலை முதல் ஓராண்டுப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தது. வாங்குவதற்கு முறையான அனுமதி இருந்ததா, வாங்கிய பொருளை வேறொருவர் பார்த்துப் பெற்றுக்கொண்டாரா என்ற இரண்டே கேள்விகளில் ஏதேனும் ஒன்றிலாவது சுமார் 41 சதவீதப் பரிவர்த்தனைகள் தவறியிருந்தன.

அதே அறிக்கையில் மனதை உறுத்தும் ஒரு நிகழ்வு இருக்கிறது. வனத்துறை ஊழியர் ஒருவர், அட்டைக் கணக்கோடு இணைந்த காசோலைகளைத் தன்னோடு வாழ்ந்த நண்பரின் பெயருக்கு எழுதி, ஆறு ஆண்டுகளில் 6,42,000 டாலருக்கும் மேல் எடுத்திருந்தார். ஆறு ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. அட்டையை ஏற்காத கடைகளுக்காக வைக்கப்பட்ட வசதி அந்தக் காசோலை. அட்டையில் எந்த வகைக் கடையில் செலவு செய்யக் கூடாது என்று வங்கி தடுத்துவைக்கலாம். சூதாட்ட விடுதியில் அது செல்லாது. காசோலைக்கு அந்தத் தடை கிடையாது. பெரிய தொகைக்கு அதைப் பயன்படுத்த விட்டதுதான் முதல் தவறு.

இந்தத் தவறுக்கு 1 டாலர் வரம்பு மருந்தாகாது. மருந்து ஏற்கனவே திட்டத்திலேயே இருக்கிறது. ஒரு கொள்முதலுக்கு ஒரு முறை மட்டும், குறிப்பிட்ட தொகைக்கு மட்டும், குறிப்பிட்ட விற்பனையாளருக்கு மட்டும் செல்லும் மெய்நிகர் எண்ணை வங்கிகள் தருகின்றன. பணம் செலுத்தியதும் அந்த எண் செத்துவிடும், திருடினாலும் பயனில்லை. ஒரு பயிற்சி முகாமுக்கோ மீட்புப் பணிக்கோ ஒதுக்கிய தொகை குறைந்துகொண்டே வந்து தீர்ந்துபோகும் அட்டையும் உண்டு. முன்கூட்டியே தெரிந்த, பெரிய, ஒரு முறைச் செலவு எதுவாக இருந்தாலும் இத்தகைய எண்ணில்தான் நடக்க வேண்டும் என்று விதி செய்யலாம். சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டை, பனிப்புயலில் ஜெனரேட்டருக்கு உதிரிபாகம் வாங்க வேண்டியவரைப் போல, முன்கூட்டித் திட்டமிட முடியாதவர்களிடம் மட்டும் இருந்தால் போதும். 2012ஆம் ஆண்டின் அட்டை முறைகேடு தடுப்புச் சட்டம் அவ்வப்போது இடர் மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அந்த மதிப்பீட்டில் ‘இந்த அலுவலகத்துக்கு எந்த வகை அட்டை பொருந்தும்’ என்ற கேள்வி முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பிரிட்டனும் 2025 மார்ச்சில் ட்ரம்பைப் போலவே முடக்கும் வழியில் போனது. அரசுக் கொள்முதல் அட்டைகள் சுமார் 20,000 இருந்தன. நான்கு ஆண்டுகளில் அவற்றின் செலவு நான்கு மடங்காகியிருந்தது. பெரும்பாலானவற்றை முடக்கி, தேவை என்பவர்கள் மீண்டும் காரணம் சொல்லிக் கேட்கட்டும் என்றார்கள். ஒவ்வொருவரும் காரணம் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பகுதி சரியானது. முடக்கிவிட்டுக் கேட்டதைவிட, கேட்டுவிட்டு முடக்கியிருக்கலாம்.

ஆனால் இந்த விவாதத்தில் யாரும் கை வைக்காத இடம் பயண அட்டை. இதில் இரண்டு வகை. ஒன்றில் பில் துறைக்குப் போகிறது, துறையே செலுத்துகிறது. மற்றொன்றில் பில் ஊழியரின் வீட்டுக்கு வருகிறது; அரசு வேலையாகப் போன விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வங்கியிடம் கடன்பட்டவர் அந்த ஊழியர்தான். அவர் செலவுக் கணக்கைச் சமர்ப்பித்து, அரசிடமிருந்து வாங்கி, வங்கிக்குக் கட்ட வேண்டும். அரசு 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் பயணச் சீர்திருத்தச் சட்டம் சொல்கிறது. கணக்கில் ஒரு ரசீது குறைந்தாலோ, பார்க்க வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தாலோ அந்த 30 நாட்கள் நீண்டுகொண்டே போகும். வங்கியின் நாட்காட்டி நீளாது. 61 நாட்கள் தாண்டினால் அட்டை நிறுத்திவைக்கப்படும். 126 நாட்கள் ஆனால் ரத்து. அதற்குப் பிறகு அந்தப் பாக்கி ஊழியரின் சொந்தக் கடன் வரலாற்றில் ஏறும். ரகசியப் பணிகளில் இருப்பவருக்குக் கடன்பாக்கி என்பது வேலைத் தகுதியையே கேள்விக்குள்ளாக்கும்.

பயணப்படி பில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் கருவூலத்தைப் பார்த்துக் காத்திருந்த நம் ஊர் அரசு ஊழியருக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. அவர் கைப்பணத்தைப் போட்டுக் காத்திருக்கிறார். அங்கே உள்ளவர் வங்கியிடம் பெயரை அடகு வைத்துக் காத்திருக்கிறார். நம் நாட்டில் அரசுத் துறைகள் அட்டைக்கு மாறும் நாள் வந்தால், இந்த ஒரு வகையை மட்டும் இறக்குமதி செய்யக் கூடாது.

இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. 2002இல் அமெரிக்கத் தரைப்படையின் பயண அட்டைகளை அதே தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. 2002 மார்ச்சுடன் முடிந்த இரண்டு ஆண்டுகளில் பாக்கி விகிதம் 10 முதல் 18 சதவீதம் வரை ஏறி இறங்கியிருந்தது. 1999 நவம்பருக்குப் பிறகு, அப்போது அட்டை வழங்கிய பாங்க் ஆஃப் அமெரிக்கா 23,000க்கும் மேற்பட்ட தரைப்படையினரின் கணக்குகளை வராக்கடன் என்று எழுதித் தள்ளியது. தொகை ஏறத்தாழ 3.4 கோடி டாலர். இவர்களில் கணிசமானவர்கள் குறைந்த சம்பளம் வாங்கும் கீழ்நிலைப் படையினர். சொந்தச் செலவுக்கு அட்டையைத் தேய்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடனைத் தாங்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்காமலே, வேலைக்குக் கட்டாயம் என்று இளைஞர்களின் கையில் கடனைக் கொடுத்தது யார்? அரசுதான்.

அதன் பிறகு அரசு செய்தவை அந்தக் கடனின் வேகத்தைக் குறைத்தன. கடனை இடம் மாற்றவில்லை. சம்பளத்தில் பிடித்தம் வந்தது. பயணத்தொகையின் ஒரு பகுதியை நேரே வங்கிக்கு அனுப்பும் முறை வந்தது. பாதுகாப்புத் துறையில் பாக்கி குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாக அட்டை கேட்பவரின் கடன் தகுதியைச் சோதிக்கும் விதியும் வந்தது. கடன் மதிப்பெண் குறைந்தவருக்கு வரம்பு குறைந்த அட்டைதான். நோயாலோ விவாகரத்தாலோ கடனில் விழுந்த ஒருவர், அரசு அனுப்பும் ஊருக்குப் போவதற்கும் அந்தக் கடன் வரலாறு குறுக்கே நிற்கிறது. அலுவலக நாற்காலியைக் கொடுப்பதற்கு எவருடைய வங்கிக் கணக்கையும் நாம் பார்ப்பதில்லை.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் நீடித்த அரசு முடக்கத்தின்போது, லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமில்லாமல் இருந்தார்கள். செப்டம்பரில் அரசு வேலையாகப் பயணம் போய்வந்த ஒருவரின் பெயரில் பில் இருந்தால், அவருக்குச் சம்பளமும் வராது, கணக்கைப் பார்த்து அனுமதிக்க வேண்டிய அலுவலரும் பணியில் இருக்க மாட்டார். நாடாளுமன்றத்தில் இரு கட்சிகளும் ஒத்துப்போகாததற்காக ஒரு நடுத்தரக் குடும்பம் வங்கியிடம் அவகாசம் கேட்க வேண்டிய நிலை எந்த நியாயத்திலும் அடங்காது.

தனிப்பட்ட பொறுப்பு இருந்தால்தான் ஊழியர் கவனமாகச் செலவு செய்வார் என்பது மறுதரப்பின் வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தன் பெயரில் பில் வருகிறது என்ற நினைப்பு சிலரைக் கட்டுப்படுத்தத்தான் செய்யும். ஆனால் யாரைக் கட்டுப்படுத்துகிறது? ஏற்கனவே கவனமாக இருப்பவரை. ஏமாற்ற நினைப்பவர் கட்டாமல் விடுகிறார். இழப்பு வங்கிக்குப் போகிறது. கட்டுப்பாடு வேண்டுமென்றால் விடுதிக்கும் விமானத்துக்கும் தவிர வேறெதற்கும் செல்லாத அட்டை, பயண நாட்களில் மட்டும் உயிர்பெறும் அட்டை ஆகியவை இன்றைய தொழில்நுட்பத்தில் எளிது.

ஒரு வழி பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருக்கிறது. வரிச் சலுகைப் பயண அட்டை என்று ஒன்றை ஸ்மார்ட்பே திட்டமே தருகிறது. ஊழியரின் கையில் இருப்பது ஒரே அட்டை. விடுதி அறையும் வாடகைக் காரும் துறையின் கணக்கில் ஏறும். சாப்பாடு போன்ற சிறு செலவுகள் மட்டும் ஊழியரின் கணக்கில் ஏறும். கடையின் வகைக் குறியீட்டைப் பார்த்து வங்கியே பிரித்துவிடும். இதில் அரசுக்கு நேரடி லாபமும் உண்டு. துறையின் பெயரில் பில் போனால் மாநில வரி கிடையாது. ஊழியரின் பெயரில் போனால் பல மாநிலங்களில் விடுதிக்கு வரி கட்ட வேண்டும், அந்த வரியையும் கடைசியில் கூட்டாட்சி அரசே திருப்பித் தருகிறது. கடனை ஊழியர் தலையில் வைப்பதற்காக வரியும் கட்டுகிறார்கள்.

இதைச் செய்ய நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டாம். 1998 சட்டம் அரசுப் பயணத்துக்குப் பயண அட்டையைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதே சட்டம், ஊழியர் மீது நியாயமற்ற சுமையோ செலவோ விழும் இடங்களில் செலவு வகைகளுக்கும் ஊழியர் வகைகளுக்கும் விலக்குத் தரும் அதிகாரத்தைப் பொதுச் சேவை நிர்வாகத்தின் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறது. விடுதி, விமானம், வாடகை வாகனம் மூன்றையும் துறையின் கணக்குக்கு மாற்றும் விதியை அவர் வெளியிட வேண்டும். கீழ்நிலைப் படையினரிலிருந்தும் குறைந்த ஊதியக்காரர்களிலிருந்தும் இதைத் தொடங்கலாம். சாப்பாட்டுப் படியை முன்பணமாகக் கொடுத்துவிடலாம். தொகை சிறியது, கணக்கும் எளிது. இப்போதைய ஒப்பந்தம் 2031 வரை நீடிக்கக்கூடியது. அடுத்த ஒப்பந்தத்துக்கு வங்கிகளை அழைக்கும் ஆவணத்தில், ஊழியர் பெயரில் பில் போகும் வகை இடம்பெறவே கூடாது.