நடுக்கம் வீரமன்று



சென்ற வாரம் முன்னாள் மாணவர் ஒருவர் எனக்குக் காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார். ஐரோப்பாவில் எங்கோ நடந்த மலைமிதிவண்டிப் போட்டி. விடாத மழை, சக்கரம் புதையும் சேறு. இறுதிக்கோட்டைக் கடந்த இளைஞர் ஒருவர் வண்டியை விட்டு இறங்க இயலாமல் அப்படியே சாய்கிறார். இருவர் ஓடிவந்து தாங்குகின்றனர். உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. தலைக்கவசத்தின் வாரைக் கழற்றவும் அவர் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. காணொளியின் கீழே மாணவர் எழுதியிருந்தது இரண்டே வரி: "இதுதான் ஐயா வீரம்! பாதியில் விலகியவன் எல்லாம் கோழை."

அந்த இரண்டு வரிக்கு மறுமொழியே இந்தப் பதிவு. சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மழைத்தூறல் விழுந்தாலே மாணவரைத் திடலிலிருந்து விரட்டும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். புறப்பாட நடவடிக்கைகளில் மிதிவண்டிக் குழுவைப் பல ஆண்டுகள் நடத்தியவன். சேற்றில் ஓட்டுவது தனிக்கலை என்பதை அறிவேன். மண் ஒட்டாமல் உதிரும்படி உயர்ந்த, இடைவெளி மிகுந்த பற்களைக் கொண்ட டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; காற்றைச் சற்றுக் குறைக்க வேண்டும்; வேரின் மீது குறுக்கே ஏறும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. மண்ணும் நீரும் கலந்து அரைத்தால் புதிய பிரேக் கட்டை ஒரே போட்டியில் தேய்ந்து இரும்பு தெரியும். இவற்றையெல்லாம் கற்று, சேற்றை வென்று வருபவனை நான் மனமாரப் பாராட்டுவேன்.

என் வழக்கு மழையோடு அன்று, சேற்றோடும் அன்று. குளிரில் விறைத்துப்போவதை வீரம் என்று கொண்டாடும் மடமையோடுதான் என் வழக்கு.

குளிர் முதலில் பறிப்பது எதனை?

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதனை உடல்வெப்பத் தாழ்வு என்கின்றனர். இரண்டு பாகை வேறுபாடு, அவ்வளவே. அதற்குப் பனிமலை வேண்டியதில்லை. உறைநிலைக்கு மேல் பத்துப் பதினைந்து பாகை இருக்கும் இடத்திலும், ஆடை நனைந்து காற்றும் வீசினால் போதும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஈர ஆடையோடு மலைச்சரிவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவன், தன்மேல் தானே விசிறி வைத்துக்கொண்டவனுக்கு ஒப்பாவான். ஏறும்போது உடல் உழைத்து வெப்பத்தை உண்டாக்கும். இறங்கும்போது உழைப்பு இல்லை. காற்று மட்டும் இருக்கும். ஆகவேதான் மலைமிதிவண்டியில் இறக்கம் இருமடங்கு இடர் தருகிறது.

அடுத்து நிகழ்வது என்ன? விரல்கள் மரத்துப்போகும். பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது தெரியாது. பேச்சுக் குழறும், கால் தடுமாறும். அறிவும் தடுமாறும். "எனக்கு ஒன்றுமில்லை, நான் நலம்" என்று அவன் உறுதியாகச் சொல்வான். நன்கு கவனியுங்கள்: தன் நிலையைத் தானே எடைபோடும் ஆற்றலைத்தான் குளிர் முதலில் களவாடுகிறது. "முடிவு செய்ய வேண்டியவர் வீரர்தானே" என்று வாதிடுவோர்க்கு இஃதொன்றே போதிய விடை. தராசையே திருடிவிட்டவனிடம் எடையைக் கேட்பது எவ்வகை நீதி?

இதை நான் நூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையில், மழைக்காலத்தில், சிறிய போட்டி ஒன்றுக்கு மாணவர் சிலரை அழைத்துச் சென்றேன். மலேசியாவில் ஏது குளிர் என்ற எண்ணம் எனக்கு. இரண்டாம் சுற்றின் முடிவில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் என்னருகே வந்து நின்றான். பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பிரிக்க அவனால் முடியவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தான். "முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் ஐயா" என்றான். சொல் குழறியது. களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். "இன்னும் ஒரு சுற்றுதானே, முடித்துவிட்டு வா" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். அடுத்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க இயலாமல் மரத்தில் மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்டான். கீழே பாதையில் நின்ற தொண்டர்களிடம் ஒரு போர்வைகூட இல்லை. நனைந்த உடையோடு அவன் நெடுநேரம் தரையில் கிடந்தான்.

அவனை அனுப்பியவன் நான். இன்றும் பிஸ்கட் பொட்டலத்தைக் கண்டால் எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன.

இரண்டு போட்டிகள், இரண்டு முடிவுகள்

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் மலைமிதிவண்டி உலக வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. பெருந்தொற்றுக் காலமாதலால் கோடையில் நடக்க வேண்டியவை இலையுதிர் காலத்திற்குத் தள்ளப்பட்டன. மழையும் குளிரும் சேர்ந்து பாதையைக் கூழாக்கின. உலகின் தலைசிறந்த வீரர்கள் வண்டியைத் தோளில் சுமந்து ஓடினர். இறக்கப் போட்டியில் வேரோடிய காட்டுப்பகுதியில் ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி விழுந்தனர். அந்தச் சேற்றில்தான் பிரான்சின் ஜோர்டான் சாரூவும் பாலின் ஃபெரான் பிரேவோவும் நெடும்பாதைப் போட்டியில் பட்டம் வென்றனர். இறக்கப் போட்டியில் பிரிட்டனின் ரீஸ் வில்சனும் சுவிட்சர்லாந்தின் கமீல் பலாஞ்சும் வாகை சூடினர்.

போட்டியை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன்? நெடும்பாதைப் போட்டியின் ஒரு சுற்று சில கிலோமீட்டரே. மொத்தப் போட்டியும் ஒன்றரை மணி நேர அளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வீரர் உதவி மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே குழுவினர் உலர்ந்த கையுறையோடு நிற்பர். அவர் முகத்தைப் பார்ப்பர். விலக விரும்பினால் சில நிமிடத்தில் கூரைக்கடியில் இருப்பார்.

ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் சனவரி மாதத்தில் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் என்னும் 24 மணி நேரப் போட்டியும் இவ்வாறே. அந்த 24 மணியில் ஏறத்தாழ 17 மணி இருள். பனியும் மழையும் மாறி மாறி வரும். கொடுமையான போட்டிதான். ஆயினும் ஓட்டுவோர் சுற்றுக்கு ஒருமுறை தம் கூடாரத்திற்கே திரும்புகின்றனர். குளிர் அங்கே இருக்கிறது. அதற்கு வேலியும் இருக்கிறது.

இனி மற்றொரு போட்டியைப் பார்ப்போம். இது மிதிவண்டிப் போட்டியன்று, ஓட்டம். எனினும் மலையும் குளிர்மழையும் ஒன்றே. 2021 மே 22-ஆம் நாள் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம். 172 பேர் புறப்பட்டனர். நண்பகலில் வானிலை தலைகீழாக மாறியது. குளிர்மழை, ஆலங்கட்டி, சூறைக்காற்று. பலர் அணிந்திருந்தவை கைகால் தெரியும் மெல்லிய ஆடைகள். காற்றைத் தடுக்கும் மேலங்கியைக் கட்டாயப் பொருளாக அமைப்பாளர்கள் விதிக்கவில்லை. வீரர்கள் சிக்கிக்கொண்ட பகுதியோ வாகனம் ஏற இயலாத செங்குத்துப் பாதை. 21 பேர் மாண்டனர். அவர்களுள் நாட்டின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் ஒருவர். அப்பகுதியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தம் குகையில் தீ மூட்டி அறுவரைக் காப்பாற்றினார். அமைப்புக்குழு செய்ய வேண்டியதை ஓர் ஆட்டிடையர் செய்தார்!

மாண்டவர்கள் கோழைகளா? வலிமை குறைந்தவர்களா? அல்லர். அவர்கள் முன்னணி வீரர்கள். வலிமை அவர்களைக் காக்கவில்லை. ஓர் அங்கி காத்திருக்கும். ஒரு முன்னறிவிப்பு காத்திருக்கும். "போதும், திரும்புங்கள்" என்ற ஒரு குரல் காத்திருக்கும்.

பழங்கதைகளைச் சரியாகப் படியுங்கள்

வீரம் பேசுவோர் உடனே பழைய கதைகளை எடுத்துவிடுவர். 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், இத்தாலியச் சுற்றுப் பந்தயம், 2,600 மீட்டருக்கும் மேலுள்ள காவியா கணவாய், கொட்டும் பனி. அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அந்தக் கணவாயைக் கடந்து தலைமைச் சட்டையைக் கைப்பற்றி, பின்னர் பந்தயத்தையே வென்றார். உண்மைதான். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டாமா? அவருடைய குழுவினர் பனிச்சறுக்குக் கடைகளில் கம்பளிக் கையுறைகளும் குல்லாய்களும் வாங்கி வைத்தனர். உடலில் ஆட்டுக்கம்பளிக் கொழுப்பைப் பூசினர். வழியில் சூடான தேநீர் கொடுத்தனர். அதே கணவாயை முதலில் கடந்தவர் யோகன் வான் டெர் வெல்டே. அரைக்கைச் சட்டையோடு ஏறியவர். இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்று, வண்டி ஒன்றில் ஒதுங்கி, முக்கால் மணி நேரத்துக்கும் மேல் இழந்தார். காவியா புகட்டும் பாடம் துணிவா, கையுறையா? நீங்களே சொல்லுங்கள்.

1980-இல் லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ் பந்தயத்தைப் பனிமழையில் வென்றார் பெர்னார் ஈனோ. 174 பேர் புறப்பட்டு 21 பேரே முடித்தனர். விலகிய அந்த 153 பேரும் கோழைகளா? வென்ற ஈனோவின் விரல்களில் அன்று போன உணர்ச்சி முழுமையாகத் திரும்பவேயில்லை. வெற்றிக்கோப்பையைப் பாடுவோர் அந்த விரல்களைப் பாடுவதில்லை.

எதிர்வாதங்கள்

"இப்படியெல்லாம் அஞ்சினால் விளையாட்டே அழிந்துவிடும்" என்பர் சிலர். சாலைப் பந்தயத்தில் 2016 முதல் கடும் வானிலை நெறிமுறை நடைமுறையில் இருக்கிறது. கூடி ஆராய்ந்து பாதையைச் சுருக்குகின்றனர், மாற்றுகின்றனர், தேவையெனில் நிறுத்துகின்றனர். சாலைப் பந்தயம் அழிந்துவிட்டதா?

"செலவு மிகும்" என்பர் வேறு சிலர். 2024 செப்டம்பரில் சூரிக்கில் நடந்த இளையோர் உலகச் சாலைப் போட்டியில், மழையில், முரியல் ஃபூரர் என்னும் 18 வயது வீராங்கனை காட்டுப்பகுதியில் விழுந்தார். நெடுநேரம் எவர் கண்ணிலும் படவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். 2025-இல் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் வீரர் ஒவ்வொருவரிடமும் இடங்காட்டும் கருவி இருந்தது. கருவி புதிதன்று. ஒரு பெண் மாண்ட பிறகே அதற்குப் பணம் கிடைத்தது. செலவைப் பற்றிப் பேசுவோர் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

"மறத்தமிழன் புறமுதுகு காட்டமாட்டான்" என்று முழங்குவோரும் நம்மிடையே உண்டு. ஐயா, மழை நம் பகைவன் அன்று. மலை நம்மீது படையெடுக்கவும் இல்லை. போட்டியிலிருந்து விலகுவது புறமுதுகு ஆகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்று வள்ளுவரே இடித்துரைத்திருக்கிறார். அவரைவிடவா நாம் மறம் அறிந்தவர்கள்?

வேண்டுவன

மலையில் போட்டி நடத்துவோரிடமும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரிடமும் நான் கேட்பவை இவை:

1. மழை முன்னறிவிப்பு இருந்தால் மழையங்கியும் கையுறையும் கட்டாயம். இல்லாதவர்க்குத் தொடக்கக்கோடு இல்லை.

2. நீண்ட பாதையை விடக் குறுஞ்சுற்று. வீரர் அடிக்கடி கண்ணில் பட வேண்டும்.

3. பாதையோரத் தொண்டர் ஒவ்வொருவரிடமும் போர்வை, சூடான பானம், தொடர்புக்கருவி.

4. எந்நிலையில் போட்டி சுருக்கப்படும், எந்நிலையில் நிறுத்தப்படும் என்பதை முதல்நாளே எழுதி வைத்தல். நனைந்துகொண்டே கூடிப் பேசினால் முடிவு பிறக்காது.

5. "முடியுமா?" என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். இயலாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். அவன் அழுதாலும், ஏசினாலும் விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் எளியது. காசு வேண்டியதில்லை. அன்று எனக்கு அது தெரிந்திருந்தால் அந்த மாணவன் மரத்தில் மோதியிருக்க மாட்டான்.

காணொளி அனுப்பிய தம்பிக்கு இறுதியாக ஒரு சொல். அந்த இளைஞரின் உழைப்பை நானும் வணங்குகிறேன். ஆனால் நீ போற்ற வேண்டிய வேறு இருவர் அதே காணொளியில் இருக்கின்றனர். அவர் சாயும் முன்பே ஓடிவந்து தாங்கினார்களே, அவர்கள். அவர்களுள் ஒருவர் கையில் உலர்ந்த மேலங்கி இருந்தது. மீண்டும் ஒருமுறை பார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்