நம்பாமை யார் குற்றம்?

அணுமின் நிலையங்களை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளை மக்கள் நம்புகின்றார்களில்லை என்ற முறைப்பாடு உலகின் பல தலைநகரங்களிலே ஒலித்துக்கொண்டிருக்கின்றது. பாமரர்க்கு அணுவிஞ்ஞானம் விளங்காது. விளங்காதவற்றிற்கு அஞ்சுவது மனித இயல்பு. ஆதலால் அவர்தம் அச்சம் நீங்கத் தக்க பிரசாரஞ் செய்தல் வேண்டும். இதுவே நிபுணர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ந் திகதிக்குப் பின்னர் யப்பானிய அரசாங்கமும் இம்மருந்தையே தன் மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நோய் தீரவில்லை. நோய் மக்களிடத்தே இருந்தாலன்றோ தீரும்!

அன்று பிற்பகல் 2.46க்கு நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ 50 நிமிடங்களில் ஆழிப்பேரலை புகுஷிமா முதலாம் அணுமின் நிலையத்தினுட் புகுந்தது. மின்சாரம் அற்றது, உலைகளைக் குளிர்விக்கும் நீர் நின்றது, மூன்று உலைகளின் கருவகம் உருகிற்று. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு அகன்றனர். ஆழிப்பேரலை என்பது யாதென முல்லைத்தீவு மக்களுக்கும் மட்டக்களப்பு மக்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. இயற்கையின் சீற்றத்துக்கு எந்த அரசாங்கத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அலையின் கதையை அன்று. உலைக்குக் காவலாக நின்றவர்களின் கதையை.

காவலர் யார்? அணு, கைத்தொழிற் பாதுகாப்பு முகவரகம் என்ற ஒன்று 2001ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது. அமைக்கப்பட்ட இடம் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சு. அணுமின்சாரத்தை வளர்ப்பதும் அதற்குச் சந்தை தேடுவதும் அதே அமைச்சின் கடமை. தன் வழக்கிலே தானே நீதிபதியாக அமர்தல் ஆகாது என்பது சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவனும் அறிந்த விதி. இங்கோ நீதிபதியும் எதிரியின் சட்டத்தரணியும் ஒரே கூரையின் கீழ் ஒரே பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தனர். உத்தியோகத்தர் இளைப்பாறிய பின்னர், தாம் முன்பு மேற்பார்வை செய்த கம்பனிகளிலேயே ஆசனம் பெறுவதற்கு யப்பானியர் இட்டிருக்கும் பெயர் ‘வானிலிருந்து இறங்குதல்’ என்பது. அந்நாட்டின் மின்சக்தித் துறைக்குத் தலைமை வகித்த ஒருவர் 2011 சனவரியில் தோக்கியோ மின்சாரக் கம்பனியின் ஆலோசகராக இவ்வாறு இறங்கினார். விபத்தின் பின்னர், ஏப்ரலில், கண்டனந் தாங்காது விலகினார்.

இவ்வுறவு எத்தகைய பயனைத் தரும்? 2000ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, புகுஷிமா உலையைப் பரிசோதித்த அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவர், பரிசோதனைப் பதிவேடுகள் பொய்யாக்கப்பட்டுள்ளன என அமைச்சுக்கு எழுதினார். அமைச்சு செய்தது யாது? எழுதியவரின் பெயரைக் கம்பனிக்குக் கொடுத்தது. கம்பனியின் உலைகளைப் பார்வையிடும்படி கம்பனியையே கேட்டுக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 2002இல் விஷயம் அம்பலத்துக்கு வந்தபின்பே கம்பனியின் தலைவர்கள் பதவி துறந்தனர். கள்வனைக் காட்டிக் கொடுத்தவனைக் கள்வனுக்குக் காட்டிக் கொடுக்கும் காவலன் அபூர்வமான காவலன்தான்.

அதே 2002ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்றை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். யப்பான் அகழியை அடுத்த கடலில் எவ்விடத்திலும் பேரலை எழுப்பும் பெரும் பூகம்பம் நிகழக்கூடும். 30 ஆண்டுகளுள் அது நிகழ 100க்கு 20 வீதம் இடமுண்டு என்று அரசாங்கத்தின் பூகம்ப ஆராய்ச்சிக் குழு அவ்வாண்டு யூலையில் அறிக்கை வெளியிட்டது. ஆகஸ்டில் பாதுகாப்பு முகவரகத்தின் பரிசோதகர், புகுஷிமாக் கரைக்கு இதன்படி அலையின் உயரத்தைக் கணித்துத் தருமாறு கம்பனியைக் கேட்டார். கேட்டது சரி, கேட்க வேண்டியவரே கேட்டார். கம்பனியின் உத்தியோகத்தர் மறுத்தார். நாற்பது நிமிட நேரம் எதிர்த்து நின்றதாகத் தம்மவர்க்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல் பின்னாளில் நீதிமன்றிலே சான்றாக வந்தது. நாற்பது நிமிடம்! அரசின் கட்டளை அதிகாரம் முழுவதும் கையில் இருந்த ஒரு திணைக்களம், ஒரு தேநீர் வேளைக்குள் தளர்ந்து, கணிப்பு வேண்டாமென விட்டுவிட்டது. இலஞ்சங் கொடுத்ததாகவோ மிரட்டியதாகவோ எவரும் கூறவில்லை. வேண்டியிருந்தது பழக்கம் ஒன்றே.

2004 டிசெம்பர்ப் பேரலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறையில் வெள்ளம் ஏற்றியதைக் கண்டபின், 2006இல் முகவரகமும் கம்பனிகளும் கூடி ஆராய்ந்தன. நிலையத்தின் தரைமட்டத்துக்கு மேலே கடல்நீர் ஏறின் புகுஷிமாவில் மின்சாரம் முற்றாக அற்றுப்போகும் என்பது அங்கே தெரிந்தது. தெரிந்தும் கட்டளை பிறக்கவில்லை. 2008இல் கம்பனி தானே கணித்தபோது 15.7 மீற்றர் என்ற விடை வந்தது. பிரதான உலைகள் நின்ற தரையின் உயரம் 10 மீற்றர். மேலும் ஆராய வேண்டுமென ஒரு சங்கத்திடம் அக்கணக்கு ஒப்படைக்கப்பட்டது. முகவரகத்தின் மேசைக்கு அது வந்து சேர்ந்த நாள் 2011 மார்ச் 7. நான்காம் நாள் கடல் வந்தது.

விபத்தின் பின்னராவது உண்மை பேசப்பட்டதா? மார்ச் 12ந் திகதி முகவரகத்தின் பேச்சாளர் ஒருவர், கருவகம் உருகியிருக்கக் கூடுமென்று கூறினார். அவர் பேச்சாளர் ஆசனத்திலிருந்து அகற்றப்பட்டார். கம்பனி ‘உருகிற்று’ என ஒப்புக்கொண்டது மே மாதத்தில். விபத்தின் தரம் முதலில் 4 என்றார்கள். பின்னர் 5 என்றார்கள். ஏப்ரல் 12இல் 7 என்றார்கள். அதற்கு மேல் ஒரு தரம் இல்லை.

நமியே என்னும் சிற்றூரின் மக்கள் கடற்கரையை விட்டு உள்நாட்டிலுள்ள சுஷிமாப் பகுதிக்குச் சென்று தங்கினர். கதிர்வீச்சு மேகமும் வடமேற்கே அத்திசையிலேயே சென்றது. காற்று எத்திசையில் நஞ்சைச் சுமக்கும் எனக் கணிப்பதற்கு அரசிடம் பெருஞ்செலவில் அமைத்த இயந்திர ஏற்பாடு இருந்தது. அது கணித்துக்கொண்டும் இருந்தது. அக்கணிப்புகள் மார்ச் 14இல் அமெரிக்கப் படையினர்க்குக் கொடுக்கப்பட்டன. நமியே மக்கள் உட்பட யப்பானியர்க்கு வெளியிடப்பட்டது மார்ச் 23இல். குழந்தைகளை வெளியில் விளையாடவிட்ட தாய்மார் பிற்பாடு இதனை அறிந்தபோது, அவர்க்கு அணுவிஞ்ஞானம் கற்பிக்க வந்த நிபுணர் எந்த முகத்துடன் அவர்முன் நின்றிருப்பார்? உலையிலிருந்து 5 கிலோமீற்றரில் இருந்த அவசரகால நிலையத்திலே கதிர்த்தூசியை வடிகட்டும் கருவி இல்லாமையால், மார்ச் 15இல் அதிகாரிகளும் அவ்விடத்தை விட்டகன்று புகுஷிமா நகர் சேர்ந்தனர் என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

மக்களின் மனத்தை அறிய நடத்திய கூட்டங்களின் கதை நகைப்புக்கும் இடந்தருவது. கியூஷூ மின்சாரக் கம்பனி, உலையை மீளத் தொடங்குவது பற்றி 2011 யூனில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சாதாரண பிரசைகள் எழுதுவதுபோல ஆதரவுக் கடிதங்கள் அனுப்புமாறு தன் ஊழியரை ஏவிற்று. கம்பனியின் செயல் வியப்பன்று. ஆனால் 2007இல் நிகழ்ந்த ஒரு பொதுக்கூட்டத்திலே சாதகமான கேள்வி கேட்க ஆள் பிடித்துத் தருமாறு வேறொரு கம்பனியைப் பாதுகாப்பு முகவரகமே கேட்டது என்ற செய்தியும் அவ்யூலையிலேயே வெளிவந்தது. கம்பனியைக் கண்காணிக்க வேண்டியவர், கம்பனிக்குக் கைதட்ட ஆள் தேடினார்.

யப்பானியப் பாராளுமன்றம் தன் அரசியல் வரலாற்றில் முதன்முறையாகத் தனியானதொரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தது. குரோகாவா கியோஷி தலைமையில் பதின்மர். 1,167 பேரிடம் விசாரணை. 2012 யூலை 5இல் வந்த அறிக்கை, இது மனிதர் விளைத்த விபத்து என்றும், ஒழுங்குபடுத்துவோர் ஒழுங்குபடுத்தப்படுவோரின் கைக்குள் அகப்பட்டனர் என்றும் தீர்த்துரைத்தது. அறிக்கையை நாம் போற்றுகின்றோம். ஆயினும் அதன் ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையிலே, பணிவு முதலிய யப்பானியப் பண்பாட்டுக் குணங்களே விபத்தின் வேர் என எழுதப்பட்டது. யப்பானிய மொழிப் பதிப்பில் அவ்வாறு இல்லை. இதனை நாம் ஏற்பதற்கில்லை. பண்பாட்டைக் குற்றவாளியாக்கினால் விலங்கிட ஒரு கையும் அகப்படாது.

பண்பாடுதான் காரணமாயின், அமெரிக்கர் தமது அணுசக்திக் கமிஷனை 1974இல் சட்டத்தால் இரண்டாகப் பிளந்து, வளர்ப்பதையும் கண்காணிப்பதையும் பிரித்தது எதற்காக? எமக்கு அணித்தே, மன்னார்க் குடாவின் மறுகரையிலே, கூடங்குளத்து மக்களும் இடிந்தகரை மீனவரும் கிளர்ந்தெழுந்த காலத்தில் இந்தியாவில் இருந்த நிலை என்ன? அணுசக்தி ஒழுங்குபடுத்தும் சபை, அணுசக்திக் கமிஷனுக்குப் பதில் சொல்லும். கமிஷனின் தலைவரே அணுசக்தித் திணைக்களத்தின் செயலாளர். உலைகளை நடத்துங் கூட்டுத்தாபனமும் அத்திணைக்களத்தின் கீழே. அச்சபைக்குத் தகுந்த சட்டச் சுதந்திரம் இல்லையென்று 2012இல் எடுத்துரைத்தவர் இந்தியாவின் தலைமைக் கணக்காய்வாளர். அவரையும் பாமரர் என்பரோ?

யப்பானில் பழைய முகவரகம் கலைக்கப்பட்டது. 2012 செப்டெம்பரில் அணு ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வர்த்தக அமைச்சின் பிடியிலிருந்து நீங்கிச் சுற்றாடல் அமைச்சின் பக்கத்திலே தோன்றிற்று. அதன் நற்பணியை மறைத்தல் நேர்மையன்று. 2024 நவம்பரில், உலையின் கீழ் உயிர்ப்புள்ள நிலப்பிளவு இருக்கக்கூடும் என்ற காரணத்தால், சுருகா இரண்டாம் உலைக்கு அனுமதி மறுத்தது. அவ்வாறு அது மறுத்தது அதுவே முதன்முறை. தோக்கியோ மின்சாரக் கம்பனியின் காவற் சீர்கேட்டைக் கண்டு 2021இல் அதன் மிகப்பெரிய நிலையத்தின் இயக்கத்தைத் தடுத்ததும் இச்சபையே.

ஆனால் 2014 யூலையை எண்ணிப் பாருங்கள். கியூஷூத் தீவிலுள்ள செண்டாய் உலைகள் புதிய நியமங்களுக்கு இயைந்தன என அதிகாரசபை தீர்த்தது. அதன் தலைவர் தனாக்கா, நாம் நியமத்துக்கு இயைந்ததா என்று பார்க்கின்றோம், பாதுகாப்பானது என்று சொல்லவில்லை என்ற கருத்தை வெளிப்படையாகக் கூறினார். அரசாங்கமோ, அதிகாரசபை பாதுகாப்பை உறுதிசெய்த உலைகளையே தொடங்குகின்றோம் என்றது. மக்களை வெளியேற்றும் திட்டம் சரியா என்று பார்ப்பது அதிகாரசபையின் வேலையன்றாம்; அது மாகாணத்தாரின் பொறுப்பாம். செண்டாய் முதலாம் உலை 2015 ஆகஸ்டில் தொடங்கிற்று. பாதுகாப்பானது என்று சொன்னவர் எவர் என்று ஒரு சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்வாராயின் ஒருவரும் சாட்சிக் கூண்டுக்கு வரார். 2023 பெப்ரவரியில், 60 ஆண்டுக்கு மேலும் உலைகளை இயக்க இடந்தரும் விதிமாற்றம் அதிகாரசபைக்கு வந்தபோது, இஷிவத்தாரி என்ற நிலவியல் அறிஞர் ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். மற்றை நால்வர் இசைந்தனர். அதற்கு முன்னரே அதிகாரசபையின் உத்தியோகத்தர் வர்த்தக அமைச்சாருடன் புறம்பாகச் சந்தித்துப் பேசிவந்தனர் என்பதும் வெளியாகியிருந்தது.

நீதிமன்றுகளாவது பொறுப்பைத் தீர்த்தனவா? குற்ற வழக்குத் தொடுக்க அரச வழக்குத் தொடுநர் இருமுறை மறுத்தார். பொதுமக்கள் குழுவே வழக்கை மன்றேற்றிற்று. 2019இலும் 2023இலும் விடுதலை. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றும் அதனை உறுதிசெய்தது. இடம்பெயர்ந்தோர் அரசின்மேற் கொணர்ந்த வழக்கிலே 2022 யூன் 17இல் உயர் நீதிமன்று கூறியது இன்னும் விசித்திரமானது: அரசு 2002ஆம் ஆண்டு அறிக்கையின்படி கட்டளையிட்டுச் சுவர் எழுப்பியிருப்பினும், வந்த அலை அதனினும் பெரிது, வேறு திசையால் வந்தது, விபத்து நிகழ்ந்தே இருக்கும், ஆதலால் அரசு பொறுப்பாளியன்று. மூன்று நீதிபதிகள் இவ்வாறு தீர்க்க, நான்காமவரான மியூரா, கதவுகளையும் அறைகளையும் நீர்புகா வண்ணம் செய்திருக்கலாமே எனத் தனித்து மறுத்தெழுதினார். எம் கருத்தில் மியூராவின் தீர்ப்பே சட்டம். செய்யாத காவலன், செய்திருந்தாலும் பயனில்லை என்று வாதாடித் தப்பலாமெனின், எந்தக் காவலன் இனிச் செய்வான்?

இத்தனைக்கும் பிறகு மக்கள் நம்பவில்லை என்று குறைகூறுவோர்க்கு நாம் காட்டுவது ஒரு கடிதம். 2015 ஆகஸ்டில் அரசாங்கமும் கம்பனியும் புகுஷிமா மீனவர் சம்மேளனத்துக்கு எழுத்தில் ஓர் உறுதி தந்தன: சம்பந்தப்பட்டோரின் விளக்கமும் இசைவும் பெறாமல், சுத்திகரித்த கதிர்நீரை எவ்வகையிலும் அகற்றோம் என்பது அது. அதிகாரசபை 2022இல் நீரைக் கடலில் விடும் திட்டத்தை அங்கீகரித்தது. சர்வதேச அணுசக்தி முகவரகமும் 2023 யூலையில், திட்டம் சர்வதேச நியமங்களுக்கு ஒத்தது என்றது. அந்நீரால் வரும் கேடு சிறிதென்று விஞ்ஞானிகள் பலர் கூறுவதை நாம் மறுக்க வரவில்லை. மீனவர் சம்மேளனமோ தன் எதிர்ப்பைக் கைவிடவில்லை. எதிர்ப்பு நின்றிருக்கவே, 2023 ஆகஸ்டு 24இல் நீர் கடலில் விடப்பட்டது. வாக்குறுதி மீறப்படவில்லை என்று அரசாங்கம் சாதித்தது. அடுத்த மாதம் மீனவரும் ஊரவரும் அக்கடிதத்தைக் கையிற் கொண்டு புகுஷிமா மாவட்ட நீதிமன்றின் படியேறினர்.