ஒழுக்கத்தை நாலாம் நாள் விசாரிக்கலாம்

இது வட்டி விகிதம் பற்றிய பதிவு இல்லை. குடும்பத்தோடு படிக்கலாமா என்று கேட்டால், குடும்பத்தோடு உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்பேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கே புனேயில் எங்கள் கிளைக்கு நம்ம ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் வந்து சேர்ந்தான். (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு நாள் லீவு லெட்டரோடு வந்து நின்றான். பொண்ணு பார்க்க ஊருக்குப் போக வேண்டுமாம். முகத்தில் அந்தக் களை துளியும் இல்லை. டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கிளையில்தான் நான் சார், டீக்கடையில் அண்ணன்.

"ஆணுறை கிழிஞ்சிருச்சுண்ணே."

"எப்போ?"

"பன்னிரண்டு நாளாச்சு. மறுநாளே டெஸ்ட் எடுத்துட்டேன், நெகட்டிவ். ஆனா பயமாவே இருக்கு."

ஊரில் ஒரு சொந்தக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? "வெளிய சொல்லாத. ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்."

எனக்கு வந்த கோபம் அந்தப் பையன் மேல் இல்லை. அந்தப் பெரியவர் மேல், பணத்தை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் ரிப்போர்ட்டை நீட்டிய லேப் மேல், அப்புறம் நம் எல்லோர் மேலும். ஒருவருக்கும் அவனிடம் சொல்லத் தோன்றாத ஒரு விஷயம் இருந்தது. 72 மணி நேரம்.

ஆணுறை கிழிந்தாலோ நழுவினாலோ, எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்ளாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. பெப் என்பார்கள். சில மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ ஏ.ஆர்.டி. மையத்திலோ கேட்கலாம், தொற்றுநோய் டாக்டரைப் பார்க்கலாம். ஓரிடத்தில் கையை விரித்தால் அன்றைக்கே அடுத்த இடம் போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரை வேறு, இது வேறு. அது எச்.ஐ.வி.யைத் தடுக்காது.

இனி அந்த மறுநாள் நெகட்டிவ். பழைய காலத்து வெளியூர் செக் ஞாபகம் இருக்கிறதா? போட்ட மறுநாள் பாஸ்புக்கில் வரவில்லை என்பதற்காகச் செக்கே போடவில்லை என்று ஆகிவிடுமா? கிருமி நுழைந்தாலும் பரிசோதனையில் தெரிய நாள் பிடிக்கும். மறுநாள் ரிப்போர்ட் அதற்கு முந்தைய நிலைமையைத்தான் சொல்லும். ஆரம்பக் கணக்காக அது தேவை, ஆனால் அதுவே தீர்ப்பு இல்லை. நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்றால் ஆறு வாரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும். விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். பெப் சாப்பிட்டவர்களுக்கு எப்போது பரிசோதனை என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை ரத்த தானம் கூடாது, ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. கல்யாணம்? நீங்களே யோசியுங்கள்.

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று தூக்க மாத்திரை தேடவும் வேண்டாம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்குப்படி, எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத துணையோடு ஆணுறை இல்லாமல் ஒருமுறை யோனிவழி உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு ஆணுக்கு 10,000-ல் 4, பெண்ணுக்கு 8. ஆசனவழி உறவில், ஏற்கும் பக்கம் இருப்பவருக்கு 138. பால்வினை நோய்ப் புண் இருந்தால் கூடும். துணை ஒழுங்காகச் சிகிச்சை எடுத்து, ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், உறவின் வழியே தொற்றாது. ஆள் பார்க்க ஆரோக்கியமாக இருந்தார் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது.

இதையெல்லாம் சொன்னால் பசங்க கெட்டுப்போவார்கள் என்று ஒரு கூட்டம் வரும். ஐயா, தீயணைப்பு நம்பரைச் சுவரில் எழுதி வைத்ததால் யாராவது வீட்டைக் கொளுத்தினார்களா? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊர்ச் சுவரெல்லாம் கேட்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, ஆணுறை கிழிந்தால் என்ன செய்வது என்று யாரும் வீட்டில் பேசவில்லை. இன்றைக்கும் பேசுவதில்லை. வெட்கத்துக்கு மட்டும் வட்டி மேல் வட்டி போட்டு வைத்திருக்கிறோம். அதைக் கட்டப் போவது யார்? அந்தத் தம்பிக்குப் பார்த்து வைத்திருந்த, எந்தத் தப்பும் செய்யாத பெண்.

வெளியூரில் இருக்கும் பையனுக்கு இன்னொரு பயம், வேலை போய்விடுமோ என்று. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது என்கிறது. தொற்று இருப்பதைக் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஐ.சி.டி.சி. மையத்தில் பரிசோதனை இலவசம், ஆலோசனையும் உண்டு, ரகசியம் காப்பார்கள். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். பாசிட்டிவ் என்றே வந்தாலும் 2004 முதல் அரசு இலவசமாகவே மருந்து கொடுக்கிறது. தினமும் சாப்பிட்டால் நீண்ட நாள் நன்றாக வாழலாம்.

அந்தத் தம்பி லீவு லெட்டரைக் கிழித்துப் போட்டான். ஆறாம் வாரமும் மூன்றாம் மாதமும் பரிசோதனை செய்தான், இரண்டும் நெகட்டிவ். அதற்கப்புறம்தான் பொண்ணு பார்க்கப் போனான். தப்பித்தது அதிர்ஷ்டம். நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிய அறிவால் இல்லை.

பையன் செய்தது சரியா தப்பா என்று கேளுங்கள், பெற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நாலாம் நாள் கேளுங்கள். முதல் மூன்று நாள் மருந்துக்கு உரியது. அடுத்த முறை பிள்ளையின் பெட்டியில் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டி வைக்கும்போது, "எது நடந்தாலும் அன்றைக்கே எங்களுக்குப் போன் போடு, திட்ட மாட்டோம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கட்டுங்கள்.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்லை. இந்தப் பதிவைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள். ஆனால் ஓடுங்கள்.