நாலு எம்பி இருந்தும் இடமில்லை



போன இதழில் வந்த பழைய கம்ப்யூட்டர்கள் பற்றிய கட்டுரையில் 'எக்ஸ்பாண்டட் மெமரி', 'எக்ஸ்டெண்டட் மெமரி' இரண்டையுமே 'விரிவாக்க நினைவகம்' என்று அச்சிட்டுவிட்டோம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். "இரண்டும் வேறு வேறு. இதில் குழம்பித்தான் அன்றைக்கு எங்கள் பாதி நாள் போனது. இப்போது நீங்களுமா?" என்று கேட்டிருக்கிறார். கட்டுரையாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். தமிழ்ப்படுத்துகிறேன் என்று கை வைத்தவன் நான்.

இந்தக் குழப்பத்தில் நான் விழுவது முதல் தடவையும் இல்லை. 1992-ல் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு 386 கம்ப்யூட்டர் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் திரையின் மூலையில் எண்கள் கடகடவென்று ஏறும். நாலு எம்பி வரை எண்ணி முடித்து 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அடுத்த நிமிஷம் பில் போடும் புரோகிராமைக் கூப்பிட்டால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். "இப்பதானேப்பா நாலு எம்பி எண்ணிச்சு?" என்பார் முதலாளி. என்னிடம் பதில் இருக்காது.

பதில் 1981-ல் இருந்தது. அந்த ஆகஸ்டில் ஐபிஎம் கொண்டுவந்த பிசியில் இன்டெல் 8088 சில்லு. மெமரியில் எந்த இடம் வேண்டும் என்று சொல்ல அதற்கு 20 கம்பிகள் உண்டு. 20 கம்பிகளை வைத்து 10,48,576 இடங்களைத்தான் சுட்ட முடியும். அதாவது ஒரு எம்பி. அதில் கீழே உள்ள 640 கேபி புரோகிராம்களுக்கு. அதுதான் கன்வென்ஷனல் மெமரி. மேலே உள்ள 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். அது அப்பர் மெமரி. அந்த பிசி 16 கேபியோடுகூட விற்பனைக்கு வந்த காலம் அது. 640 என்பது கடல். யாருக்கும் அது போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்திருக்கிறார்.

கடல் சீக்கிரமே குட்டையாகிவிட்டது. 1985-ல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு வழி கண்டன. மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது நாலு தட்டு. சரக்கெல்லாம் பின்னால் கிடங்கில். கேட்கிற சரக்கைக் கொண்டுவந்து தட்டில் வைப்பது, முடிந்ததும் வேறொன்றை வைப்பது. அப்பர் மெமரியில் காலியாக இருந்த 64 கேபிதான் அந்த நாலு தட்டு. தட்டுக்கு 16 கேபி. சரக்கு மாறும், தட்டு மாறாது. இதுதான் எக்ஸ்பாண்டட்.

எக்ஸ்டெண்டட் வேறு சங்கதி. பிறகு வந்த 286 சில்லுக்கு 24 கம்பிகள், 386-க்கு 32. ஒரு எம்பியைத் தாண்டி உண்மையாகவே இடம் வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் டாஸ் இன்னும் 8088 காலத்துப் பழக்கத்திலேயே இருந்தது. பக்கத்து மனையை வாங்கியாயிற்று, போக வாசல் இல்லை. எங்கள் அச்சகத்தின் நாலு எம்பியில் மூன்று எம்பி அந்த மனையில்தான் கிடந்தது. போதாக்குறைக்கு, எக்ஸ்டெண்டடை எடுத்து எக்ஸ்பாண்டட் மாதிரி வேஷம் போடவைக்கும் ஈஎம்எம்386 என்ற புரோகிராமும் வந்தது. பிறகு குழம்பாமல் என்ன செய்வது!

எனக்குப் பிடித்தது ஹை மெமரிதான். 8088-ல் ஒரு எம்பியைத் தாண்டிய முகவரி கேட்டால், 21-வது கம்பி இல்லாததால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே வந்து நிற்கும். அதை நம்பி எழுதிய புரோகிராம்களும் இருந்தன. 286-ல் சுற்றாது. அதனால் 1984-ல் வந்த ஏடி மாடலில் ஐபிஎம் அந்தக் கம்பிக்கு ஒரு கதவு போட்டது. கதவைத் திறந்து மூட எதைப் பிடித்தார்கள் தெரியுமா? கீபோர்டைக் கவனிக்கும் சில்லில் ஒரு கால் சும்மா இருந்தது, அதை! கதவைத் திறந்தால் பழைய பழக்கத்திலேயே எட்டிப் பிடிக்க 65,520 பைட் கிடைக்கும். அதுதான் ஹை மெமரி. 1991-ல் வந்த டாஸ் 5 தன் உடம்பின் பெரும்பகுதியை அங்கே நகர்த்திக்கொண்டு, கீழே நமக்கு இடம் விட்டது.

எங்கள் பில் புரோகிராமும் அப்படித்தான் ஓடியது. கான்ஃபிக் ஃபைலில் அந்தக் கதவைத் திறக்கும் ஹைமெம் முதல் வரி, ஈஎம்எம்386 அடுத்த வரி. மாற்றிப் போட்டால் ஈஎம்எம்386 ஏறாது. மவுஸ் டிரைவரை மேலே தூக்கி வைத்த பிறகு முதலாளி கேள்வி கேட்பதை நிறுத்தினார்.

இந்த இதழிலிருந்து இரண்டு பெயர்களையும் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடுகிறோம். நல்ல தமிழ்ச்சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். இன்னொன்று: ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்த பழைய 386 உங்கள் பரணில் இருந்தால், மூடியைக் கழற்றிப் பாருங்கள். போர்டில் உருளை மாதிரி ஒரு பேட்டரி ஒட்டியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்